அடைமொழி: சுமக்கிறதா, சும்மா நிற்கிறதா?

சென்ற இதழில் உவமை பற்றிப் பேசினோம். இந்த முறை அதைவிடச் சின்ன விஷயம். ஆனால் நாம் எல்லோரும் தினமும் பயன்படுத்துகிற, பெரும்பாலும் வீணடிக்கிற விஷயம்: அடைமொழி.

கல்லூரி விழா ஒன்றின் வரவேற்புரையை நினைத்துப் பாருங்க. "மாபெரும் இவ்விழாவிற்கு வருகை தந்திருக்கும் மதிப்பிற்குரிய, போற்றுதலுக்குரிய, பண்பின் சிகரமான, அறிவின் ஊற்றான, எளிமையின் இருப்பிடமான எங்கள் சிறப்பு விருந்தினர் அவர்களே..." இந்த இடத்துக்கு வருவதற்குள் கடைசி மூன்று வரிசையும் போனை எடுத்திருக்கும். விழா முடிந்ததும் யாரையாவது கூப்பிட்டு, "வந்தவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேளுங்கள். தெரியாது. ஐந்து அடைமொழி கேட்டார்கள், ஆளைத் தெரியவில்லை.

இப்படி ஒரு வரவேற்புரையை இரண்டாம் ஆண்டில் எழுதிப் படித்தவன் நான்தான். விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் என் பக்கம் திரும்பி, "தம்பி, இவ்வளவு நேரம் என்னைப் பத்தித்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. நான் சொன்னதை எந்த விருந்தினருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எல்லோருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததில்லை.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததை, பயன்படுத்திப் பார்த்ததை இங்கே பாடமாக எழுதுகிறேன். மேடைப் பேச்சுக்கு மட்டுமல்ல. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், புகார்க் கடிதம், வேலைக்கான விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் உதவும்.

முதலில் கொஞ்சம் இலக்கணம்

பயப்படாதீங்க, பத்தே வரிதான்.

ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்வது அடை. பள்ளியில் 'பெயரடை' என்று படித்திருப்போம். 'நல்ல', 'பெரிய', 'புதிய' மாதிரிச் சொற்கள் மட்டும்தான் அடை என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. 'மலைப்பாதை' என்பதில் மலை அடை. 'செந்தாமரை'யில் செம்மை அடை. 'ஓடாத வண்டி'யில் 'ஓடாத' என்கிற பெயரெச்சம் அடையின் வேலையைச் செய்கிறது. தமிழில் எந்த வினையையும் பெயரெச்சமாக்கி ஒரு பெயருக்கு முன்னால் வைத்துவிடலாம். இது நம் மொழி தரும் பெரிய வசதி. இதற்குப் பிறகு வருகிறேன்.

பவணந்தி முனிவரின் நன்னூல் அடைமொழியை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: இனமுள்ள அடை, இனமில்லாத அடை.

'நெய்க்குடம்' என்றால், எண்ணெய்க் குடமும் தண்ணீர்க் குடமும் இருக்கின்றன; அவற்றிலிருந்து இதைப் பிரிக்கிறது. இது இனமுள்ள அடை. 'உப்பளம்' என்றால், உப்பு இல்லாத அளம் என்று ஒன்று கிடையாது. அங்கே 'உப்பு' எதையும் பிரிக்கவில்லை. இது இனமில்லாத அடை. செஞ்ஞாயிறு, வெண்திங்கள் என்று தொல்காப்பிய உரைகள் காட்டும் உதாரணங்களும் இதே கதைதான். கறுப்பு ஞாயிறு என்று இன்னொன்று இல்லையே!

இப்படிப் பிரிக்காத அடைகள் வழக்குக்கு உரியவை அல்ல, செய்யுளுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். பின்னால் வந்த நன்னூல் இரண்டிலும் வரும் என்று ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு நம் வரவேற்புரைக்குத் திரும்புங்கள். 'மதிப்பிற்குரிய விருந்தினர்' என்கிறோம். மதிப்புக்கு உரியவர் அல்லாத விருந்தினரை யாராவது மேடைக்கு அழைப்பார்களா? கவிதைக்குப் போக வேண்டிய அடையை மைக்கில் கொட்டிவிட்டோம். அங்கே கவிதையும் இல்லை.

மரியாதைக்காக ஒரு 'மதிப்பிற்குரிய' இருந்துவிட்டுப் போகட்டும். அது சபை நாகரிகம். ஐந்து எதற்கு?

ஒரு சைக்கிள், ஆறு அடை

நன்னூல் இன்னொரு விஷயமும் சொல்கிறது. அடை பிறக்கும் இடங்கள் ஆறு: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். சினை என்றால் உறுப்பு. தொழில் என்றால் செயல்.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம்.

பொருள்: இரும்புச் சைக்கிள்.
இடம்: ஹாஸ்டல் வாசல் சைக்கிள்.
காலம்: பத்தாம் வகுப்புச் சைக்கிள்.
சினை: கேரியர் சைக்கிள்.
குணம்: சிவப்புச் சைக்கிள்.
தொழில்: அப்பா மிதித்த சைக்கிள்.

ஒவ்வொன்றும் அதே சைக்கிள்தான். ஆனால் கடைசி ஒன்றைப் படிக்கும்போது ஏதோ ஒரு கதை தொடங்குகிறது, இல்லையா? 'பத்தாம் வகுப்புச் சைக்கிள்' என்றதும் காலையில் டியூஷனுக்கு ஓடியது ஞாபகம் வருகிறது. 'அழகான சைக்கிள்' என்றால்? ஒன்றும் வருவதில்லை.

நம்முடைய பிரச்சினை இங்கேதான். ஆறு கதவு இருக்கும்போது எல்லோரும் 'குணம்' என்ற ஒரே கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அருமையான, சிறப்பான, அற்புதமான, பிரம்மாண்டமான, வேற லெவலான. அதிலும் நிறம், வடிவம், வாடை போன்ற கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் குணங்களை விட்டுவிட்டு, 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதை மட்டுமே சொல்கிற குணங்களாகப் பார்த்து எடுக்கிறோம். மற்ற ஐந்து கதவும் திறந்தே கிடக்கின்றன.

இரண்டு கடிதங்கள்

எங்கள் விடுதியில் ஒருமுறை குடிநீர் கெட்டுப்போனது. நாங்கள் எழுதிய முதல் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"விடுதியில் வழங்கப்படும் மிகவும் மோசமான, தரமற்ற, சகிக்க முடியாத குடிநீரால் மாணவர்கள் பெரும் அவதிக்கு உள்ளாகியுள்ளனர்."

கோபம் முழுவதும் அதில் இருக்கிறது. அறுபது பேர் கையெழுத்து வேறு. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டதற்கு, "பசங்க எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க" என்று பதில் வந்தது.

பிறகு இறுதியாண்டு அண்ணன் ஒருவர் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினார்:

"இரண்டாம் மாடி, கிழக்குக் கோடிக் குழாயில் காலை 6 மணிக்குப் பிடித்த தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. துரு வாடை அடிக்கிறது. ஒரு மணி நேரம் டம்ளரில் வைத்தால் அடியில் செங்கல் நிற வண்டல் படிகிறது. இன்று பிடித்த ஒரு பாட்டில் இத்துடன் உள்ளது."

இந்தக் கடிதத்தில் 'மோசமான' என்ற சொல்லே இல்லை. யாரையும் திட்டவில்லை. மறுநாள் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். குழாய் மாற்ற இன்னொரு மாதம் ஆனது என்பது தனிக்கதை.

ஏன் இரண்டாவது கடிதம் வேலை செய்தது? 'மோசமான' என்பது எங்கள் தீர்ப்பு. தீர்ப்பை யாரும் மறுக்கலாம். 'செங்கல் நிற வண்டல்' என்பது சாட்சி. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை மறுக்க முடியாது. அந்த அண்ணன் இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் அடை எடுத்தார். குணத்தை எடுத்த இடத்திலும் கண்ணால் பார்க்கக்கூடிய, மூக்குக்குத் தெரியக்கூடிய குணத்தை எடுத்தார். 'மோசம்' என்ற முடிவுக்குப் படிப்பவரே வந்து சேர்ந்தார். தானே வந்து சேர்ந்த முடிவை யாரும் லேசில் விடமாட்டார்கள்.

பழைய கயிறு

சங்க இலக்கியத்தில் சில புலவர்களின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வந்த ஒரு சொற்றொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். 'செம்புலப்பெயனீரார்' எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரில் 'செம்' என்ற ஓர் எழுத்துத் துணுக்கை எடுத்துவிட்டால், நிலத்தில் பெய்த மழை என்றுதான் மிஞ்சும். நிலம் சிவப்பாக இருப்பதால்தான் தண்ணீர் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. கலந்த பிறகு பிரிக்க முடியாது என்பதும் தெரிகிறது. அந்தக் காதலின் முழு எடையையும் சுமப்பது அந்தச் சின்ன அடைதான்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொருவர் இருக்கிறார்: நற்றிணையில் 284-ஆம் பாட்டைப் பாடிய தேய்புரிப் பழங்கயிற்றினார். வேலைக்காக ஊரைவிட்டு வந்த ஒருவன். 'திரும்பி அவளிடம் போ' என்கிறது நெஞ்சு. 'எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு' என்கிறது அறிவு. நடுவில் அகப்பட்ட தன் உடம்பு, இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கயிறு போல ஆகிவிட்டதே என்கிறான்.

என்ன கயிறு? புரி தேய்ந்த, பழைய கயிறு.

மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைக்கிறேன். புதுக் கயிறாக இருந்தால் அது வெறும் இழுபறிப் போட்டி. எவ்வளவு நேரமும் இழுக்கலாம். புரி தேய்ந்த கயிறு என்றதும் அது அறுந்துபோகும் கணம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் இந்த இழுபறியில் இன்றைக்குப் புதிதாக மாட்டியவன் அல்ல, பல நாளாக இழுபட்டுத் தேய்ந்தவன் என்பதும் தெரிகிறது. 'மிகவும் வேதனையான', 'தாங்க முடியாத' என்று ஒரு சொல் கிடையாது. வேதனையை மனதிலிருந்து எடுத்துக் கயிற்றின் புரியில் வைத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டை ஒட்டிய ஒரு கவிஞரின் பெயர் தொலைந்துபோய், அவர் வைத்த அடை மட்டும் நின்றிருக்கிறது!

இப்படி ஒரு கருத்தோடு வைக்கப்படும் அடையை அணி இலக்கணத்தில் 'கருத்துடை அடை' என்பார்கள். அதாவது, அலங்காரத்துக்காக அல்லாமல் வாக்கியத்தின் பொருளுக்கே காரணமாக நிற்கும் அடை.

தொழிலிலிருந்து பிறந்த அடைக்கு நமக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். 1908-இல் கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். அவரை 'வீரமிக்க தலைவர்', 'தியாகச் சுடர்' என்றெல்லாம் சொல்லலாம். அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியாகிவிட்டது. 'கப்பலோட்டிய தமிழன்' என்பதை வேறு யாருக்கும் சொல்ல முடியாது. அதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. அவர் செய்த வேலையை ஒரு பெயரெச்சமாக்கி முன்னால் நிறுத்தினார்கள். அவ்வளவுதான். புகழை நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

நம்மூர்ப் பெயரெச்சத்தின் பலம் இது. ஒருவரைப் பாராட்ட வேண்டுமா? 'எப்படிப்பட்டவர்' என்று தேடாதீர்கள். 'என்ன செய்தவர்' என்று தேடுங்கள்.

மேடையில்: பெயர் கடைசியில் வரும் மொழி

தமிழில் அடை எப்போதும் பெயருக்கு முன்னால் வரும். பெயரைச் சொல்லும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். நம் மேடைப் பேச்சாளர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடையாக அடுக்கி, குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் பெயரைச் சொன்னதும் கைதட்டல் வெடிக்கும். அந்தக் கைதட்டலில் பாதி, காத்திருந்ததற்குக் கிடைப்பது.

ஆனால் காத்திருக்க வைப்பதென்றால், காத்திருப்பவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். 'பண்பின் சிகரமான' என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு அறிமுகத்தைக் கற்பனை செய்யுங்கள்:

"2018-இல் கஜா புயல் அடித்தபோது, கம்பங்கள் சாய்ந்து இருண்டு கிடந்த ஊருக்குள் கயிறும் ஏணியுமாகப் போய், பத்தாம் நாள் இரவு முதல் விளக்கை எரியவைத்த உதவிப் பொறியாளர்..."

பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் 'யார் அது?' என்று கேட்பவர் கழுத்தை நீட்டிவிட்டார். இதில் காலம் இருக்கிறது, இடம் இருக்கிறது, தொழில் இருக்கிறது. ஒரே நீண்ட அடை. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

மூச்சு என்றதும் ஒரு எச்சரிக்கை. எழுத்தில் நீண்ட அடையைத் திரும்பிப் படித்துக்கொள்ளலாம். பேச்சில் முடியாது. ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்னச் சிக்கல். 'பெரிய வீட்டுக் கதவு' என்றால் வீடு பெரியதா, கதவு பெரியதா? கதையில் இது பரவாயில்லை. ரிப்போர்ட்டில் 'பழைய பம்ப் வால்வு மாற்றப்பட்டது' என்று எழுதினால், பம்ப் பழையதா வால்வு பழையதா என்று அடுத்த ஷிப்டில் வருபவர் தலையைச் சொறிவார். 'பம்பின் பழைய வால்வு' என்று, எந்தச் சொல்லுக்கு அடையோ அதன் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

ஒளிந்து வரும் அடை

இனி கொஞ்சம் ஆபத்தான பகுதி. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்க.

ஒன்று: "இந்தச் செலவு அவசியமற்றது."
இரண்டு: "இந்த அவசியமற்ற செலவை எப்போது நிறுத்தப் போகிறோம்?"

முதல் வாக்கியத்தில் 'அவசியமற்றது' பயனிலை. அதுதான் அங்கே பேச்சே. கேட்பவர் உடனே, "ஏன் அவசியமற்றது?" என்று கேட்கலாம். இரண்டாவதில் அதே கருத்து அடையாகிப் பெயருக்குள் ஒளிந்துகொண்டது. பேச்சு இப்போது 'எப்போது' என்பதைப் பற்றி. "அடுத்த மாதம்" என்று நீங்கள் பதில் சொன்னாலே, அது அவசியமற்ற செலவுதான் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

பயனிலையாக வந்தால் அது வாதம். அடையாக வந்தால் அது ஏற்கெனவே முடிந்த விஷயம் போல உள்ளே நுழைந்துவிடுகிறது. விளம்பரம், அரசியல் மேடை, செய்தித் தலைப்பு எல்லாமே இந்த வாசலை நன்றாகப் பயன்படுத்துகின்றன. 'மக்கள் விரோதத் திட்டம்', 'வளர்ச்சித் திட்டம்' என்று ஒரே திட்டத்துக்கு இரண்டு பெயர் கேட்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் தீர்ப்பை முன்னாலேயே எழுதிவிட்டுத்தான் விவாதத்துக்கு வருகிறார்கள்.

பட்டிமன்றத்தில் எதிரணி இதைச் செய்தால் எப்படிச் சமாளிப்பது? அடையைப் பிடித்து இழுத்துப் பயனிலையில் நிறுத்துங்கள். "நீங்கள் 'அவசியமற்ற செலவு' என்றீர்கள். அவசியமற்றது என்பதை முதலில் நிரூபியுங்கள், எப்போது நிறுத்துவது என்று பிறகு பேசலாம்." அதே சோதனையை உங்கள் பேச்சுக்கும் போட்டுப் பாருங்கள். நிரூபிக்க முடியாததை அடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களா?

640 மடங்கு

பேச்சுப் போட்டியில் தவறான அடைக்குப் பரிசு போகும். பொறியியலில் இன்னும் பெரிய விலை உண்டு.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டது. சுமார் 82 நொடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, பவர்பாயின்ட் ஸ்லைடுகளாக நாசாவிடம் கொடுத்தார்கள்.

தகவல் வடிவமைப்பைப் பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடுகளில் ஒன்றைப் பின்னால் வரிவரியாக அலசினார். அவர் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று: 'கணிசமான' என்று பொருள்படும் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லும் அதன் திரிபும் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை வருகின்றன. ஒவ்வொரு இடத்திலும் அதற்கு வேறு வேறு அளவு. படிப்பவர் தனக்குத் தோன்றிய அளவை வைத்துக்கொள்ளலாம். அதே ஸ்லைடின் கடைசி வரியில், துணைக்குறிப்புக்குள் துணைக்குறிப்பாக, ஒரு எண் இருந்தது. நிஜத்தில் இருந்த நுரைப்பகுதியின் அளவு 1920 கன அங்குலம். சோதனைத் தரவில் இருந்தது 3 கன அங்குலம்.

வகுத்துப் பாருங்கள். 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனைத் தரவை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்லைடின் தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி, 'கணிசமாக' என்ற சொல்லுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, டஃப்டியின் இந்த அலசலையும் சேர்த்துக்கொண்டது.

விபத்துக்கு ஒரு சொல் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல; அவற்றுக்கு அந்த அறிக்கையே பல நூறு பக்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ஆலையில், ஒரு பாலத்தடியில் நின்று 'சிறு விரிசல்', 'லேசான அதிர்வு', 'போதுமான இடைவெளி' என்று எழுதப்போகிறோம். விரிசல் 0.2 மில்லிமீட்டரா, 2 மில்லிமீட்டரா? இரண்டுமே ஒருவருக்குச் 'சிறு' விரிசல்தான். எண்ணால் சொல்ல முடிந்த இடத்தில் எண்ணை எழுதுங்க. அடை வேண்டுமென்றால் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள், எண்ணுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஆள்மேல் ஒட்டும் அடை

கடைசியாக, நாம் எழுதாமலே தினமும் பேசிவிடுகிற அடைகள்.

"அந்தத் தமிழ் மீடியம் பையன் செமையா பேசினான்டா."

பாராட்டுதான். ஆனால் 'தமிழ் மீடியம்' அங்கே என்ன வேலை செய்கிறது? 'ஆனாலும்' என்ற வேலையை. அதை நீக்கிவிட்டு, "அந்தப் பையன் செமையா பேசினான்டா" என்று சொல்லுங்கள். இப்போது அது முழுப் பாராட்டு. 'லேட்டரல் என்ட்ரி பசங்க', 'அரியர் கேஸ்', 'லேடி இன்ஜினியர்' எல்லாம் இதே ரகம். 'ஆண் இன்ஜினியர்' என்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஜினியர் என்றால் ஆண்தான் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் அந்த 'லேடி'யை முன்னால் ஒட்டுகிறோம்.

இனமுள்ள அடை, ஒன்றை அதன் இனத்திலிருந்து பிரிக்கும் என்று தொடக்கத்தில் பார்த்தோம். குடத்தைப் பிரித்தால் பிரச்சினை இல்லை. ஆளைப் பிரிக்கும்போது நான்கு வருடம் அவர் அந்தப் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. முதலாண்டு முதல் வாரத்தில் யாரோ ஒட்டிய ஒரு அடை, ஃபேர்வெல் வரைக்கும் கூட வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒட்டியது விளையாட்டாகத்தான். சுமந்தவருக்கு அது விளையாட்டாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று சோதனை

இவ்வளவு நேரம் பேசியதை மூன்று கேள்வியில் அடக்கிவிடலாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு அடைக்கும் போட்டுப் பாருங்க.

1. நீக்கிப் பார்: எடுத்துவிட்டால் வாக்கியம் சாய்கிறதா? சாயவில்லை என்றால் அது சும்மா நிற்கிறது. எடுத்துவிடு.

2. திருப்பிப் பார்: அடையைப் பயனிலையாக்கு. 'தரமற்ற குடிநீர்' என்பதை 'குடிநீர் தரமற்றது' என்று மாற்று. இப்போது யாராவது 'ஏன்?' என்று கேட்டால் பதில் இருக்கிறதா? அந்தப் பதில்தான் நீ எழுத வேண்டிய அடை.

3. அளந்து பார்: எவ்வளவு, எங்கே, எப்போது என்று சொல்ல முடியுமா? முடிந்தால் சொல்லிவிடு.

நீங்களும் முயன்று பாருங்க

கீழே உள்ள மூன்றையும் திருத்தி எழுதுங்கள். விதி ஒன்றே: தீர்ப்பைச் சொல்லும் குணச்சொல் கூடாது. பொருள், இடம், காலம், சினை, தொழில், அல்லது கண்ணுக்குத் தெரியும் குணம் மட்டும்.

அ. "எங்கள் கேன்டீனில் அருமையான டீ கிடைக்கும்."
ஆ. "நான் கடின உழைப்பும் தலைமைப் பண்பும் கொண்ட மாணவன்."
இ. "என் அம்மா மிகவும் அன்பானவர்."

முதலாவதற்கு என் முயற்சி: "மூன்றாம் பீரியட் முடிந்து ஓடிவந்தாலும் தீர்ந்துபோயிருக்கும் இஞ்சி டீ." 'அருமை' என்று சொல்லவில்லை. தீர்ந்துபோகிறது என்றேன்.

இரண்டாவது, பலரும் விண்ணப்பத்தில் எழுதுவது. 'கடின உழைப்பு' என்று எழுதாத விண்ணப்பமே கிடையாது. ஆகவே அது யாரையும் யாரிடமிருந்தும் பிரிப்பதில்லை, இன்னொரு உப்பளம். "சர்க்யூட் வேலை செய்யாமல் நான்கு முறை பிரித்துக் கட்டி, ஐந்தாம் முறை ஓடவைத்த குழுவில் சாலிடரிங் பார்த்தவன்" என்று எழுதிப் பாருங்கள். நேர்முகத்தில் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். பதிலும் உங்களிடம் தயாராக இருக்கும், ஏனென்றால் அது நடந்தது.

மூன்றாவதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். 'அன்பான' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெயரெச்சம் வையுங்கள். அவர் செய்த ஏதோ ஒன்று. ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது செய்தது, ஃபீஸ் கட்டும் நாளில் செய்தது, போனில் கேட்டது. கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். எழுதியதை எங்களுக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு அனுப்புங்க.